பதினைந்தாவது பிழை

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஏழாம் திகதி, திங்கட்கிழமை பிற்பகல், கொட்டாஞ்சேனையில் ஹியூபேட்டின் அச்சகத்தில் இருந்து சாரங்கன் தன் தகப்பனின் கல்வெட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு நூலை யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் கல்வெட்டு என்றே சொல்கின்றன. அதில் இறந்தவரின் படமும் வாழ்க்கை வரலாறும் இருக்கும்; தேவாரமும் புலம்பல் வெண்பாக்களும் இருக்கும்; கடைசியில் வம்சாவளியும், பிள்ளைகள் இன்னார், இன்ன இடத்தில் இன்ன உத்தியோகம் என்ற விபரமும் இருக்கும். வந்தவர்கள் பஸ்ஸில் ஏறியதும் முதலில் பிரித்துப் பார்ப்பது அந்தக் கடைசிப் பக்கங்களைத்தான்.

சாரங்கனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சிவப்புப் பேனையால் ஒவ்வொரு சொல்லையும் தொட்டுத் தொட்டு வாசித்தான். தகப்பன் சிவானந்தன் பாடசாலையில் சேர்ந்த ஆண்டை 1961 என்று போட்டிருந்தார்கள். 1959 என்று திருத்தினான். பாட்டனாரின் பெயரில் விழுந்துபோன ஓர் எழுத்தைச் சேர்த்தான். ரொறொன்ரோவில் நல்ல சுகத்துடன் இருக்கும் பெரியப்பாவின் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று இருந்ததை இரண்டு கோடிட்டு வெட்டினான்.

ஹியூபேட் எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "ஐயோ மாதாவே! புத்தகத்துக்குக் காசு அனுப்பின மனுசனையே சாகடிச்சுப் போட்டமே."

"அவர் வாசிக்கிறதுக்கு முந்திப் பிடிச்சிட்டன் அங்கிள்."

பன்னிரண்டு பக்கங்களில் பதினான்கு பிழைகளைப் பிடித்தான். பதினைந்தாவது பதினோராம் பக்கத்தில் இருந்தது. அன்னாரின் ஏக புத்திரன் சாரங்கன், பொறியியலாளர், கொழும்பு.

அந்த வரி அச்சகத்தின் பிழையன்று. தாய் அருந்ததி தன் கையால் எழுதிக் கொடுத்த பிரதியிலேயே அது இருந்தது. சாரங்கன் அப்போது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், எட்டு மாடிக் குடியிருப்பொன்றின் காவலாளி. வாசற்கதவைத் திறந்து மூடுவது, தண்ணீர்ப் பம்பை ஓட்டுவது, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டரைப் போடுவது, லிஃப்ட் நின்றால் கம்பனிக்கு அறிவிப்பது என்பன அவன் கடமைகள். அச்சகத்துக்கு வெளியே வந்து ஒழுங்கையில் நின்று தாய்க்குத் தொலைபேசி எடுத்தான்.

"அம்மா, பதினோராம் பக்கத்தில என்னை எஞ்சினியர் எண்டு போட்டிருக்கிறியள்."

"ஓம். அதுக்கென்ன?"

"அம்மா, நான் வாச்சர்."

"வாச்சர் எண்டு கல்வெட்டில போடுறதோ? இது எங்கட வீட்டோட நிக்கிற காகிதமில்லை, சாரங்கன். தங்கச்சி சிவானிக்கு ஒரு கலியாண இடம் பேசப் போனாலும் தரகர் முதல்ல கேக்கிறது இதைத்தான். ஆசுப்பத்திரியில அப்பா நேர்ஸ்மாரிட்டயும் அப்பிடித்தான் சொன்னவர். செத்த மனுசன் சொன்ன சொல்லை நீ வெட்டப் போறியோ?"

அவன் உள்ளே திரும்பி வந்தான். பேனை அந்தச் சொல்லின் மேல் சிறிது நேரம் நின்றது. பின்பு கடைசித் தாளின் கீழே 'சரிபார்த்தேன்' என்று எழுதி, ஒப்பமிட்டு, திகதியும் போட்டுக் கொடுத்தான். ஹியூபேட் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். "பதினாலு பிழை! என்ர ஆள் ஒண்டைக்கூடக் காணேல்லை. எஞ்சினியர்மாரின்ர கண் வேற கண்தான் தம்பி." சாரங்கன் சிரித்து வைத்தான்.

எஞ்சினியர் என்ற சொல் அவன் வீட்டுக்குள் வந்தது அவன் ஐந்தாம் வகுப்பில் படிக்கும்போது. சிவானந்தன் புறக்கோட்டையில் இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கடையொன்றில் முப்பத்தாறு ஆண்டுகள் கணக்கெழுதும் லிகிதராக இருந்தவர், ஓய்வூதியம் இல்லாதவர். தனக்குக் கிடைக்காத எஞ்சினியர் மேசை மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு வெள்ளவத்தையில் இருந்த ரியூட்டரிகளுக்கெல்லாம் அவனை அனுப்பினார். சாரங்கன் பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் பரீட்சையில், கணிதப் பிரிவில், மூன்று முறை தோற்றினான். மூன்றாம் முறை ஒரு சி, இரண்டு எஸ்; பொறியியல் பீடத்துக்குப் போதாது. அதற்கு மேல் தோற்றச் சட்டத்தில் இடமில்லை. சிவானந்தன் அதன் பின்பும் கேட்டவர்களுக்கெல்லாம், "மகன் எஞ்சினியரிங் செய்யிறான்" என்றுதான் சொன்னார். தனியார் நிலையமொன்றில் மூன்று தவணைக்குப் பணம் கட்டி, நான்காம் தவணைக்குக் கட்ட முடியாமல் அவன் நின்றுவிட்ட பிறகும் சொன்னார். தொலைபேசிக் கடை, மருந்துக் கடை, பாத்றூம் சாமான் கடை என்று அவன் இருந்த இடங்களிலெல்லாம், சம்பளம் சட்டம் குறித்த ஆகக்குறைந்த தொகையைத் தாண்டவில்லை. காவல் வேலைக்கு வந்தபோதும் அதே தொகைதான். மேலதிகமாக இரண்டு நேரத் தேநீர்.

கல்வெட்டு இருநூற்றைம்பது பிரதி அடித்தார்கள். முப்பத்தோராம் நாள், அவர்கள் குடியிருந்த பாமன்கடை வாடகை வீட்டின் முற்றத்தில் சமையல் நடந்தபோது பாத்திரம் கழுவ வந்தவர் சீனியம்மா. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, அந்த வீடு இருந்த ஒழுங்கையிலேயே கால்வாய் ஓரத்துப் பலகை வீட்டில் மகளோடு இருப்பவர். வெள்ளவத்தை மாடி வீடுகளில் துப்புரவு வேலை. மிஞ்சிய சோறும் கறியும் கட்டிக் கொடுத்தபோது, "அம்மா, அந்தப் பொஸ்தகம் ஒண்ணு தாங்க. அய்யா நல்ல மனுசன். படத்த வச்சுக்கிறேன்" என்று அவரும் ஒரு பிரதியைக் கேட்டு வாங்கிப் போனார்.

பிரதிகள் ரொறொன்ரோவுக்கும் போயின. அதுவரை இரண்டு மாதத்துக்கொருமுறை ஏதோ அனுப்பிக்கொண்டிருந்த பெரியப்பா நொவெம்பரில் கதைத்தார். "பெடியன் எஞ்சினியராயிட்டான். இனி உங்களுக்குப் பயமில்லைத்தானே, அருந்ததி." அருந்ததி, "ஓம் அத்தான், கடவுள் புண்ணியம்" என்றார். அதன் பின்பு பணம் வரவில்லை.

சாரங்கனின் வாழ்க்கையில் கதவொன்று திறந்ததென்றால் அது 2024 செப்ரெம்பரில், நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் இடையில் லிஃப்ட் நின்ற அன்றுதான். கம்பனியிலிருந்து வந்தவர் மாளிகாவத்தை றவூப். நாற்பது வயதைத் தாண்டிய, வெற்றிலை போடும், ஓயாமல் பகிடி விடும் மனிதர். கூட வரவேண்டிய உதவியாள் வராததால் சாரங்கன் டோர்ச் பிடித்தான். றவூப் மூன்று இடங்களைக் கழற்றிப் பார்த்தும் பிழை அகப்படவில்லை.

"நானா, அஞ்சாம் மாடிக் கதவு பூட்டேக்க ஒரு சத்தம் பிந்திக் கேக்கும். ஒரு மாசமாக் கேக்குது. அங்க பாருங்கோ" என்றான் சாரங்கன். முஸ்லிம் மூத்தவர்களை நானா என்றழைப்பது கொழும்பு வழக்கம்.

அங்கேதான் இருந்தது. கதவு மூடியதை இயந்திரத்துக்குச் சொல்லும் சிறிய தொடுகை தேய்ந்துபோயிருந்தது. றவூப் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, ஒங்களுக்கு லிஃப்ட்காரன்ட காது ஈக்கிது. இந்தக் காத வெச்சிக்கிட்டு கேட் தொறந்துக்கிட்டு ஈக்கிறீங்களே! எனக்கு எவ்வளவு சம்பளம் தெரியுமா?"

அவர் தொகையைச் சொன்னார். கோலவுட் எனப்படும் அவசர அழைப்புகளையும் சேர்த்தால் மாதம் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்குக் குறையாது. சாரங்கன் அதை நம்பவில்லை. றவூப் சம்பளத் துண்டைத் தொலைபேசியில் எடுத்துக் காட்டினார்.

"டிகிரி கிகிரி ஒண்டுமில்ல. ஓ எல் சோதின மட்டுந்தான். அதுலயும் கணக்கு ரெண்டாந்தரந்தான் பாஸ். ஆனா ஒரு சேட்டிபிகட் ஈக்கிது. ஒருகொடவத்தை ட்ரெய்னிங் சென்டர்ல ஒரு வருசம் படிக்கணும், பொறகு ஆறு மாசம் கம்பனியில பழகணும். முடிச்சிட்டு வாங்க, நானே கம்பனிப் பெரியவர்ட்டச் சொல்றேன். வயசென்ன?"

"வாற ஒக்டோபரில முப்பத்தினாலு."

"அப்ப கடைசி பஸ்! தொடங்குற அண்டைக்கி முப்பத்தஞ்சு ஆகியிருக்கக் கூடாது."

அன்று இரவு வீட்டில் நடந்தது நீண்ட பேச்சு அல்ல. தங்கை சிவானி காலி வீதிப் புடைவைக் கடையொன்றில் விற்பனைப் பெண். அவள் சம்பளத்தில் பெரும்பகுதி வீட்டு வாடகைக்குப் போகும். அருந்ததியின் பெயரில் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம் கிடைத்துக்கொண்டிருந்தது; தகப்பன் நோயில் கிடந்த காலத்தில் விண்ணப்பித்தது. 2025 தொடக்கத்திலிருந்து அது மாதம் பத்தாயிரம். பயிற்சிக் காலத்தில் கொடுக்கும் சிறு தொகை பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரி. ஆக, அரிசி, மண்ணெண்ணெய், அருந்ததியின் சீனி வருத்த மருந்து மூன்றையும் அந்தப் பத்தாயிரம்தான் தாங்க வேண்டும்.

"ஒண்டரை வருசம்தானே அண்ணா. ஒரு நேரம் பாண் சாப்பிட்டா நான் செத்துப்போகமாட்டன். உடம்பும் மெலியும், மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கும் பிடிக்கும்" என்றாள் சிவானி.

அருந்ததிக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. "படிச்சு முடிச்சா உன்னை என்னெண்டு சொல்லுவினம்?"

"ரெக்னீசியன் எண்டு."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

2025 ஜனவரி மாதம் சாரங்கன் காவல் வேலையை விட்டுப் பயிற்சியில் சேர்ந்தான். அந்த ஆண்டின் முதல் ஏழு மாதங்களைப் பற்றி எழுத அதிகமில்லை. ஏனென்றால் அவை நன்றாக இருந்தன. கொள்கலன் லொறிகளின் புழுதிக்குள் காலை ஏழரைக்கு இறங்கி நடப்பான். வகுப்பில் அவனே வயதில் மூத்தவன். பத்தொன்பது வயதுப் பெடியன்கள் 'அங்கிள்' என்று கூப்பிட்டார்கள். ஒரு மாதத்தில் அதே பெடியன்கள் மின்சுற்றுப் படங்களை விளங்கப்படுத்தச் சொல்லி அவன் மேசைக்கு வந்தார்கள். இடைத்தேர்வில் முதலாவதாக வந்தான். தன் பெயர் ஒரு பட்டியலின் தலையில் இருந்ததை அவன் பார்த்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. பெப்ரவரியில் அருந்ததியின் கையில் கடைசியாகக் கிடந்த ஒரு சோடி காப்பு அடகுக்குப் போயிற்று. அதற்கு மேல் அடகு வைக்க எதுவும் இல்லை.

ஜூலை இருபத்தொன்பதாம் திகதி பிரதேச செயலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அருந்ததி பெறும் கொடுப்பனவு தொடர்பாக ஆட்சேபனை ஒன்று கிடைத்துள்ளது. ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி காலை பத்து மணிக்கு ஆவணங்களுடன் சமுகமளிக்கவும். காரணம் ஒரே வரியில் இருந்தது. விண்ணப்பதாரரின் மகன் பொறியியலாளர். ஆதாரம், அச்சிடப்பட்ட நூல், பக்கம் பதினொன்று.

ஆட்சேபனை கொடுத்தவர் சீனியம்மா. அவர் இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் பட்டியலில் பெயர் வராதவர். ஒட்டியிருந்த பட்டியலை மகள் வாசித்துக் காட்டியபோது அதே ஒழுங்கையிலிருந்து அருந்ததியின் பெயர் இருந்திருக்கிறது. மகள் வீட்டிலிருந்த கல்வெட்டையும் எடுத்து வாசித்திருக்கிறாள். எஞ்சினியரின் தாய்க்கு உதவிப்பணம், பாத்திரம் கழுவுகிறவளுக்கு இல்லை. அதை யார்தான் பொறுப்பார்கள்?

பயிற்சி நிலையத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சாரங்கன் கொட்டாஞ்சேனைக்குப் போனான். ஹியூபேட்டிடம் முழு உண்மையையும் சொன்னான். அச்சுப் பிழை என்று ஒரு கடிதம் தருவீர்களா என்று கேட்டான். ஹியூபேட் எழுந்து, அலுமாரித் தட்டில் இருந்த பழைய கட்டொன்றை அவிழ்த்து, அந்தப் பன்னிரண்டு தாள்களையும் அவன் முன்னே பரப்பினார். சிவப்புக் கோடுகள் மங்காமல் இருந்தன.

"இதைப் பாரும். பதினாலு பிழையைப் பிடிச்ச ஆள், தன்ர பேருக்குப் பக்கத்தில இருந்ததைக் காணேல்லையாம். ஆர் நம்புவினம் தம்பி?"

"தாளை அவையளுக்குக் காட்டத் தேவையில்லை அங்கிள்."

"என்ர அப்பா தொடங்கின பிரஸ் இது. எங்கட பிழை எண்டு நாங்கள் ஒருநாளும் எழுதிக் குடுத்ததில்லை. பிழை விட்ட நேரத்திலகூட." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்தினை மாசம் கிடக்கு படிப்பு?"

"அஞ்சு. பிறகு ஆறு மாசப் பழக்கம்."

ஹியூபேட் கடிதத் தாளை எடுத்தார். எழுதி முடித்து முத்திரை குத்தும்போது, "நானும் ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகத்தான் வேணும்" என்றார்.

ஓகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. விசாரணை ஒரு நீண்ட மண்டபத்தில் நடந்தது. மேசைகளுக்கு முன்னால் இரண்டு இரண்டு கதிரை. பின்னால் வாங்குகளில் முறைக்காகக் காத்திருப்போர். ஒழுங்கைக்காரர் நாலைந்து பேரும் இருந்தார்கள். சீனியம்மா மகளோடு முதல் வாங்கில் இருந்தார். அருந்ததி தன்னிடமிருந்த சேலைகளில் நல்லதை உடுத்திருந்தார். உதவிப்பணம் கேட்கப் போகிறவர் அப்படி உடுக்கக் கூடாது என்று சிவானி சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை.

உத்தியோகத்தர் நிம்றா இளம் பெண், தமிழிலேயே கதைத்தாள். கடிதங்களை நிதானமாக வாசித்தாள். கல்வெட்டின் பதினோராம் பக்கத்தையும் பார்த்தாள்.

"மகன் படிக்கிற கடிதம் ஈக்குது, பழைய வேலைச் சம்பளக் கடிதம் ஈக்குது, பிரஸ்காரர்ட கடிதமும் ஈக்குது. எனக்குப் போதும். ஆனா விண்ணப்பம் உங்கட பேர்லதானே அம்மா. நீங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா எழுதி முடிச்சிருவேன். பயப்பட வேணாம். உங்கட மகன் எஞ்சினியரா, இல்லையா?"

கேள்வி மண்டபத்தில் சற்று உரக்கவே கேட்டது. அருந்ததி திரும்பிப் பார்த்தார். ஒழுங்கைக்காரரைப் பார்த்தார். சீனியம்மாவைப் பார்த்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் சரிசெய்தார்.

"ஓம்" என்றார். "என்ர மகன் எஞ்சினியர்தான்."

நிம்றாவின் பேனை நின்றது. "அம்மா, விளங்கித்தான் சொல்றீங்களா? அப்ப இந்தக் கடிதங்கள்?"

"அது அவன் மேல படிக்கிற படிப்பு."

நிம்றா சாரங்கனைப் பார்த்தாள். உதவி செய்யும் எண்ணம் அவள் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. "நீங்க என்ன சொல்றீங்க?"

சாரங்கன் சொல்ல வேண்டியது நான்கு சொற்கள். என் தாய் சொல்வது பொய். மேசையின் விளிம்பில் ஒட்டுப் பலகை பிளந்திருந்த இடத்தை அவன் பெருவிரலால் தடவினான். வாங்கில் யாரோ இருமினார்கள். அவன் தாயின் பக்கம் பார்க்கவில்லை. அவர் தன்னைப் பார்க்கவில்லை என்பதும் தெரிந்தது. நிம்றா கேள்வியை இன்னொரு முறை கேட்டாள். அவன் வாய் திறக்கவில்லை. அவள் காத்திருந்தாள், பின்பு எழுதினாள், இருவரையும் ஒப்பமிடச் சொன்னாள். அவன் வாசித்துப் பார்த்து ஒப்பமிட்டான்.

பஸ் தரிப்பில் நிற்கும்போதுதான் கேட்டான். "ஏனம்மா?"

"அவள் எங்கட வீட்டில பாத்திரம் கழுவினவள், சாரங்கன். அவளுக்கு முன்னால உன்னை வாச்சர் எண்டு சொல்லச் சொல்லுறியோ?"

"பத்தாயிரம் அம்மா. என்ர படிப்பு."

"எனக்குக் கணக்குத் தெரியாதெண்டு நினைக்காதை. மருந்தை ஒரு நேரமாக்கிறன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, "நீ ஏன் பேசாமல் இருந்தனீ?" என்றார்.

அவன் பஸ் வரும் பக்கம் பார்த்தான். பஸ் வந்தது.

கொடுப்பனவு செப்ரெம்பரிலிருந்து நின்றது. அதற்கு முன்பே, ஓகஸ்ட் பாதியிலிருந்து, சாரங்கன் வெள்ளவத்தைக் களஞ்சியமொன்றில் இரவுக் காவலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். இரவில் காவல், பகலில் வகுப்பு. ஐந்து கிழமை தாக்குப் பிடித்தான். ஆறாம் கிழமை, மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த பலகையொன்றின் முன்னால், கையில் குறட்டோடு நின்றபடியே கண் அயர்ந்துவிட்டான். பயிற்றுநர் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியே கூட்டிப் போய், தேநீர் வாங்கிக் கொடுத்து, சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, உன்னைப் போல ஒரு மாணவன் எனக்கு இனிக் கிடைக்கப்போவதில்லை. ஆனால் உன் பிணத்தை உன் தாயிடம் கொண்டுபோக என்னால் முடியாது. ஒன்றை விடு." வீட்டு அரிசி களஞ்சியச் சம்பளத்திலிருந்து வந்தது. அவன் வகுப்பை விட்டான். வரவு ஏற்கெனவே குறைந்திருந்ததால் செப்ரெம்பர் இருபத்தாறாம் திகதி பெயர் வெட்டப்பட்டது. ஒக்டோபர் ஒன்பதாம் திகதி அவனுக்கு முப்பத்தைந்து வயது நிறைந்தது. அடுத்த வகுப்பு ஜனவரியில் தொடங்கியபோது அவன் பெயரை எழுத அங்கே இடமிருக்கவில்லை.

சிவானிக்கு அந்த ஒக்டோபரில் ஓர் இடம் பொருந்தி வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கல்வெட்டைப் பார்த்திருந்தார்கள். தமையன் எஞ்சினியர் என்றபடியால், வெள்ளவத்தையில் ஓர் அடுக்குமாடி வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுப்பது பெரிய விடயமாக இராது என்று தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. சிவானி கடைக்குப் போகத் தலைவாரிக்கொண்டே, "பாத்தியே அண்ணா, நீ எஞ்சினியராப் போனதால எனக்கு மாப்பிள்ளையும் இல்லாமல் போச்சு" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். கண்ணாடியில் அவள் முகம் சிரிக்கவில்லை.

களஞ்சியம் நொவெம்பரில் ஆள் குறைத்தது. சாரங்கன் பழைய எட்டு மாடிக் கட்டடத்துக்கே திரும்பிப் போய்க் கேட்டான். சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் சட்டம் குறித்த இருபத்தேழாயிரம். ஜனவரியில் சட்டம் அதை முப்பதாயிரமாக்கியது. நிர்வாகக் குழுவும் ஆக்கியது. இரண்டு நேரத் தேநீர் நின்றது. நிலக்கீழ் அறைச் சுவரில் புதிய அறிவித்தல் ஒன்று தொங்கியது. சான்றிதழ் பெறாத எவரும் லிஃப்டின் எப்பாகத்திலும் கைவைத்தல் ஆகாது. மீறுவோர் வேலை நீக்கப்படுவர். அதன் கீழே வாசித்து விளங்கியதாக அவன் ஒப்பமிட்டிருந்தான்.

2026 பெப்ரவரி மாதம் பதினேழாம் திகதி, முற்பகல் பதினொன்றரை மணியளவில், லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் இடையில் நின்றது. உள்ளே யாரோ கதவைத் தட்டினார்கள். சாரங்கன் கம்பனிக்கு அறிவித்துவிட்டு, படியேறிப் போய், கதவின் இடைவெளியில் வாயை வைத்தான்.

"பயப்படாதேங்கோ. காத்து வரும். ஆள் வந்துகொண்டிருக்கு."

"யாரு பேசுறது?"

குரலைக் கேட்டதும் யாரென்று தெரிந்துவிட்டது. ஆறாம் மாடியில் துப்புரவுக்குச் சீனியம்மா வரத் தொடங்கி ஒரு கிழமைதான். வாசலில் அவனைக் கண்டால் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு மறுபக்கம் பார்த்துப் போவார். அந்தக் கட்டடம் எஞ்சினியரான அவன் பொறுப்பில் இருப்பதாகவே எண்ணியிருந்தார்.

"சாரங்கன், அக்கா. பாமன்கடை."

உள்ளே வாளி தரையில் உரசியது. பிறகு, "எஞ்சினியர் தம்பியா? அப்ப நீங்களே தொறந்து விடுங்களேன். மூச்சு முட்டுது. பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க."

எந்தப் பிழை என்று அவனுக்குத் தெரியும். மூன்றாம் மாடிக் கதவின் சத்தம் இரண்டு கிழமையாகப் பிந்திக் கேட்டுக்கொண்டிருந்தது. மேலே போய் எந்தப் பிடியை விடுவித்து, எவ்வளவு தூரம் இறக்கி, எந்தச் சாவியால் திறக்க வேண்டும் என்றும் தெரியும்; இடைத்தேர்வில் அந்தப் பகுதிக்கு முழுப் புள்ளிகள் பெற்றவன். சாவி கீழே மேசையில், முத்திரை ஒட்டிய உறையில் இருந்தது.

"ஏலாது அக்கா. நான் எஞ்சினியர் இல்லை."

"என்னது?"

"இந்தக் கட்டடத்தில வாச்சர். அப்பா செத்த நேரமும் வாச்சர்தான்."

"அப்ப அந்தப் பொஸ்தகத்துல?"

"பொய்."

"ஒங்க அம்மா அத்தன பேருக்கு முன்னால சொன்னாங்களே?"

"அதுவும் பொய்தான் அக்கா."

அந்த வார்த்தையை அவன் முதன்முறையாக ஒரு மூடிய இரும்புக் கதவுக்குச் சொன்னான். கேட்டது ஒருவர்தான். இனி அதனால் யாருக்கும் பயனில்லை.

"நான் கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணினேனே தம்பி" என்றார் சீனியம்மா. குரலில் இப்போது அழுகையைவிடக் கோபமே கூடுதலாக இருந்தது. "எழுதிக் குடுத்ததுல ஒரு பொய்யுமில்லேன்னு. எம்புள்ள எழுத்துக் கூட்டிப் படிச்சுச்சு, நான் நம்புனேன். படிச்ச குடும்பம் அச்சடிச்சுக் குடுத்தா நாங்க நம்பாம என்ன செய்வோம்? ஒங்க பொய்யில என் சத்தியத்தயும் போட்டு நாசமாக்கிட்டீங்களே!"

அவன் கதவோடு சாய்ந்து தரையில் இருந்தான். "உங்களுக்காவது கிடைச்சுதா அக்கா?" என்று கேட்டான்.

"எனக்கா? இந்த மொறையும் பேர் வரல. அடுத்த மொற பாப்போம்னாங்க." குரலைத் தணித்து, "ஒங்களுக்கு நின்னுருச்சா?"

"ஓம்."

"அட ஆண்டவனே" என்றார் சீனியம்மா.

ஐம்பது நிமிடம் கழித்து றவூப் வந்தார். "என்ன தம்பி, எங்க பிழை?"

"மூண்டாம் மாடிக் கதவு, நானா."

றவூப் வேறு எங்கும் பார்க்கவில்லை. நான்கு நிமிடத்தில் கதவு திறந்தது. சீனியம்மா வாளியையும் துடைப்பத்தையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். சாரங்கனின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார்; மிச்சமிருந்த மாடிகளுக்குப் படியேறிப் போனார்.

றவூப் பதிவேட்டை எழுதி நீட்டினார். வழமையான பகிடி எதுவும் விடவில்லை. சாரங்கன் தன் பழக்கப்படி ஒவ்வொரு சொல்லாக வாசித்தான். திகதி பதினாறு என்று இருந்தது. பதினேழு என்று திருத்தினான். பிழை கண்டறிந்தவர் என்ற இடத்தில் றவூப்பின் பெயரும் சான்றிதழ் இலக்கமும் இருந்தன. தகவல் தந்தவர் என்ற இடத்தில் சாரங்கன், காவலாளி என்று இருந்தது. அந்த வரியில் திருத்துவதற்கு ஒன்றுமிருக்கவில்லை. ஒப்பமிட்டுக் கொடுத்தான்.